முட்டுக்கு வைத்த மெட்டு

என் மகள் இறந்து ஏழாவது மாதத்தில் அவளைத் திருடி என்று சொன்னார்கள்.

சொன்னவர் யாரென்று தெரியாது. ஒரு நிமிடக் காணொளி ஒன்றைப் போட்டிருந்தார். முதல் அரை நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ராக் குழுவின் பாட்டு. அதிகம் பேர் கேட்டிராத, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த பாட்டு. அடுத்த அரை நிமிடம் என் மகளின் கடைசிப் பாட்டு. பழைய பாட்டின் வேகத்தைக் குறைத்து, சுருதியை இறக்கியிருந்தார். இரண்டு பல்லவிகளும் ஓரம் பிசகாமல் பொருந்தின. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "செத்தவங்களைக் குறை சொல்லக் கூடாதுதான். அதுக்காகத் திருட்டுக்குக் கை தட்டணுமா?"

என் மகள் பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவள். மாலையில் கிதார். மூன்று பேர் கொண்ட குழு அது. பாட்டெல்லாம் அவள் போட்டது. டிரம்ஸ் வாசிப்பவனை மொட்டை என்பார்கள், தலை நிறைய முடி இருந்தும். பாடுகிறவனுக்கு மைக் என்றே பெயர். மூளையில் ரத்தக் கசிவு என்று மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அவளுடைய கைபேசியில் முடிந்தும் முடியாமலும் பாட்டுகள் இருந்தன. கடைசியாகப் பதிவு செய்திருந்ததை இவர்கள் இருவரும் எடுத்தார்கள். அதில் அவள் சொற்கள் இல்லாமல் 'னன்னா னன்னா' என்று முனகியிருந்தாள். மைக் அதற்குச் சொற்கள் எழுதினான். அவள் பெயரைப் போட்டு வெளியிட்டார்கள். நானும் கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன்.

ஞாயிறு மதியம் இருவரும் வந்தார்கள். மைக் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, சத்தமில்லாம பாட்டை எடுத்துடலாம். நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"எடுத்தா என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் அர்த்தமில்லம்மா."

"பிடிபட்டதும் சாமானைப் போட்டுட்டு ஓடினான்னு அர்த்தம்" என்றான் மொட்டை.

"நீ சும்மா இருடா. இல்லன்னா ஒண்ணு செய்யலாம். அவ பேரை எடுத்துட்டு குழு பேரை மட்டும் போட்டுக்கலாம். திட்டு எங்களுக்கு வரட்டும்."

"அவ பேர்ல கை வைக்காதே" என்றேன். "முதல்ல இது என்னன்னு பார்ப்போம். உட்காருங்க ரெண்டு பேரும்."

நான் முப்பத்தொரு வருடமாக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். எங்கள் வேலையில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சான தாளில் வரி வரியாகச் சரிபார்ப்பார். எனக்கு ராகம் தெரியாது, சுரம் தெரியாது. ஆனால் இரண்டு பிரதிகளை ஒப்பிடத் தெரியும். மகளின் சின்ன கீபோர்டை மேசைமேல் வைத்து, பழைய பாட்டின் பல்லவியை ஒவ்வொரு சுரமாக அழுத்தச் சொன்னேன். முந்தையதைவிட மேலே போனால் மேல்நோக்கி ஒரு கோடு, கீழே வந்தால் கீழ்நோக்கி. எத்தனை படி என்று மொட்டை சொல்வான், எழுதிக்கொள்வேன். பிறகு மகளின் பல்லவி.

"அம்மா, இருக்கிறதே பன்னிரண்டு சுரம்தான்" என்றான் மொட்டை பாதி வழியில். "உலகத்துல எல்லாப் பாட்டும் இதுக்குள்ளதான் முண்டியடிக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கத்தான் செய்யும்."

"சரி. எத்தனை இடிக்குதுன்னு பார்ப்போம். அடுத்தது?"

இருபத்துமூன்று சுரங்கள். இருபத்துமூன்றும் ஒன்று. சரணத்தில் இரண்டு பாட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பல்லவியில் ஒரு கோடுகூட மாறவில்லை.

மொட்டை கீபோர்டை அணைத்தான். நான் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை இன்னொரு முறை கழுவினேன். தற்செயல் இவ்வளவு கவனமாக இருக்காது. பத்து சுரம் பொருந்தும், பன்னிரண்டு பொருந்தும். நினைவிலிருந்து எழுதுகிறவர்கூட எங்காவது ஒரு சொல்லைத் தன் வழக்கப்படி மாற்றிவிடுவார். பிழையே இல்லாத பிரதி என்றால் பார்த்து எழுதியது.

அங்கேதான் எனக்கு இடித்தது. என் மகள் எதையும் இருந்தபடி விட்டவள் இல்லை. வாங்கிய சட்டையில் பொத்தானை மாற்றுவாள். புது அலமாரியில் தட்டை இரண்டு விரற்கடை இறக்குவாள். என் கையெழுத்தைப் பார்த்துப் போடும்போதுகூடத் தன் சுழியைச் சேர்ப்பாள். பள்ளிக்கூடத்தில் அதனால்தான் மாட்டினாள். அவள் கைபட்ட எதுவும் இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று வராது. அப்படியானால் இதில் அவள் இன்னும் கை வைக்கவே இல்லை.

எங்கள் அச்சகத்தில் கட்டுரை வந்து சேராதபோது, பக்க அளவு தெரிவதற்காக வடிவமைப்பாளர் ஏதாவது பழைய பத்தியை அந்த இடத்தில் ஒட்டி வைப்பார். ஒரு முறை ஒரு கூட்டுறவு சங்கத்தின் ஆண்டறிக்கை நடுவில் கோழித் தீவனம் பற்றிய இரண்டு பத்திகள் அப்படியே அச்சாகிவிட்டன. தலைவர் உரையின் கீழே.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டேன். "பாட்டு பாதியில இருக்கும்போது, மெட்டு வராத இடத்துல அவ என்ன செய்வா?"

மொட்டை தலையில் அடித்துக்கொண்டான்.

"முட்டு. ஐயோ, முட்டும்மா!"

"புரியற மாதிரி சொல்லு."

"மெட்டு வர வரைக்கும் தெரிஞ்ச பாட்டு ஏதாவது ஒண்ணை அந்த இடத்துல பாடி வச்சுப்பா. சுவர் விழாம இருக்க முட்டுக் கொடுப்போமில்ல, அப்படி. 'இது முட்டு, யாரும் காதலிச்சுடாதீங்க'ன்னு முதல்லயே சொல்லிடுவா. அப்புறம் நாலு நாள்ல முட்டை எடுத்துட்டுத் தன்னோடதை வைப்பா."

"இதுல சொல்லலையே!" என்றான் மைக்.

"தனக்குத்தானே எதுக்குடா சொல்லணும்? அவ தனியா உட்கார்ந்து பண்ணின பதிவு."

அவள் கைபேசியைக் கொண்டுவந்தேன். நினைவு மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். வெளிவந்து முடிந்த பாட்டுகள் நான்கு. நான்கின் முதல் பதிவுகளையும் தேடிப் போட்டோம். நான்கிலும் பல்லவியில் வேறு யாருடைய மெட்டோ இருந்தது. ஒன்றில் பற்பசை விளம்பரம். அவளுடைய ஆகச் சோகமான பாட்டு அது. அதைக் கேட்டு மொட்டை சிரித்தான், நானும் சிரித்தேன். மைக் மட்டும் அழுதான்.

"முட்டுக்கு நான் வேலை மெனக்கெட்டு வரி எழுதியிருக்கேன்மா. திருடினது நான்."

"திருடலை. கவனிக்கலை. நானும்தான். இப்ப என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

மைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பல்லவி வர இடத்துல யாரும் பாட வேண்டாம். கிதார் மட்டும் போகட்டும். அவ இல்லாத இடம்னு கேக்கறவங்களுக்குப் புரியும்."

அழகான யோசனைதான். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. "வெற்றிடத்தைப் பார்த்தா அவளுக்கு ஆகாது. அதனாலதான் விளம்பரப் பாட்டையாவது வச்சு அடைச்சா. நீ மெட்டுப் போடு. உன் பேரைப் போட்டுக்கோ. கிதாரும் சரணமும் அவ பேர்ல நிக்கட்டும்."

"எனக்கு மெட்டுப் போட வராதும்மா."

"வர்ற வரைக்கும் போடு."

அன்றே அறிக்கையை எழுதினேன். பல்லவியின் மெட்டு இன்ன குழுவின் இன்ன பாட்டுடையது; அது வேலைக்கு இடையில் தற்காலிகமாக வைக்கப்பட்டது; அறியாமல் வெளியிட்டது நாங்கள்; பிழை எங்களுடையது, பாட்டுப் போட்டவளுடையது அல்ல. பற்பசைப் பதிவு உட்பட நான்கையும் கூடவே போட்டோம். பழைய குழுவில் இப்போதும் உயிரோடிருக்கும் கிதார்காரருக்கும் தனியாக எழுதினேன். பதில் வரவில்லை. காணொளி போட்டவர் அதை எடுக்கவுமில்லை. திட்டு பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. இன்ன காரணத்தால் எடுக்கிறோம் என்று எழுதிவைத்துவிட்டு, பாட்டை எடுத்துவிட்டோம்.

மைக் வாரா வாரம் வந்தான். முதல் மெட்டு மொட்டைக்கு வேறொரு பாட்டை நினைவுபடுத்தியது. இரண்டாவது என் மகளின் பழைய பாட்டையே திரும்பச் சொன்னது. மூன்றாவதை நான் நன்றாக இருக்கிறது என்றேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கேட்கிற பாட்டு அது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தாள் எடுத்துக் கோடு போட்டேன். ஒன்பதாவது, தெரிந்த எந்தப் பாட்டோடும் ஐந்து சுரத்துக்கு மேல் சேரவில்லை. பாடிக் காட்டினான். கொஞ்சம் முரடாக இருந்தது. அவள் கேட்டிருந்தால் கடைசி வரியில் கை வைத்திருப்பாள். வைக்க அவள் இல்லை, எனவே அது மைக்கின் வரி. பதிவு செய்யச் சொன்னேன்.

பாட்டு மறுபடி வெளியானது. என் மகளின் பெயர் முதலில், எதற்கு என்ற விவரத்தோடு. அடுத்து மைக்கின் பெயர். இரண்டையும் எழுத்தெழுத்தாக நானே சரிபார்த்தேன்.

மூன்றாம் நாள், காணொளி போட்ட அதே ஆள் எழுதியிருந்தார்: புதுப் பல்லவியின் முதல் ஐந்து சுரமும் வேறொரு பாட்டில் இருக்கிறதாம். மைக் பதறிக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டான். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

பதில் எழுதினேன்: "ஆமாம், ஐந்து. கவனித்ததற்கு நன்றி. ஆறாவதிலிருந்து எங்களுடையது. அங்கிருந்து கேளுங்கள்."