மெத்தென்ற முதல் ரகம்

“தொடாத, அதைக் கீழ வைன்னு சொல்றேன்—”

“எதுக்கு வைக்கணும்? ஒண்ணொண்ணா தடவிப் பாத்து நானே—”

“அதான் பேஜாரே! தடவிப் பாத்ததுதான்—”

“—எடுத்து வெச்ச முதல் செலக்‌ஷன் இது. நீ இன்னா, செத்த எலியாட்டம் மண்ணுல போட்டுப் பொதைக்கிற?”

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் அண்ணனும் தங்கையும் ஒரு பேட்டரியை நடுவில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். தங்கை மெர்சி இயற்பியல் ஆசிரியை; பிள்ளைகளின் ரோபோ அணியும் அவள் பொறுப்புதான். அண்ணன் இன்பராஜ் தோல் கம்பெனியில் அசார்ட்டர். பதமாகி வரும் தோலை மேசைமேல் விரித்து, கட்டைவிரலால் அழுத்தி, இது முதல் ரகம், இது இரண்டாவது, இது கழிவு என்று பிரிக்கிற வேலை. அவன் கை ஒதுக்கியதை முதலாளிகூடத் திருப்பிப் புரட்டமாட்டார்.

மறுநாள் காட்பாடியில் போட்டி. அதற்காகச் சென்னை வியாபாரி ஒருவனிடம் மோட்டார், சக்கரம், ஒயர், பேட்டரி என்று எல்லாம் கலந்த ஒரு மூட்டை மலிவாகக் கிடைத்திருந்தது. தோலையும் அப்படித்தான் லாட்டாக வாங்குவார்கள். பிரிக்கிறவன் கையில்தான் லாபமும் நஷ்டமும். “நான் பிரிச்சுத் தர்றேன், நீ உன் பரீட்சைப் பேப்பரைத் திருத்து” என்று இன்பராஜ் போன வாரம் சொன்னபோது மெர்சியும் சரியென்று விட்டுவிட்டாள். அவன் பிரித்து வைத்த பெட்டியை இன்று திறந்தவள்தான் வாளியில் மண் கொண்டுவரச் சொன்னாள்.

“மோட்டார்ல பிளாஸ்டிக் பல்லு, ஒரு ஓட்டத்துக்குத் தாங்காதுன்னு கழிச்சேனே, அது தப்பா?”

“இல்லண்ணா.”

“ஒயர்ல பேருக்குத்தான் செம்பு, எல்லாம் மேல் பூச்சுன்னு சொன்னேனே?”

“அதுவும் சரிதான். யாரு இல்லன்னா?”

“அப்ப பேட்டரிக்கு வந்தா மட்டும் என் கை மரத்துப்போச்சா?”

மெர்சி பேட்டரியைக் காட்டினாள். “சரி. இதை எப்படிப் பிரிச்ச, சொல்லு.”

“இன்னா எப்படி? பாதி மரக்கட்டையாட்டம் வெறச்சுக் கெடந்துது. அதைக் கழிச்சேன். இது பாரு, விரலை வெச்சா அமுங்கி, மெதுவா திரும்பி வருது. பன்னு மாதிரி மெத்துன்னு. இப்படி ஒரு தோல் மேசைக்கு வந்தா அன்னிக்கு எனக்குக் கிறிஸ்மஸு.”

மெர்சிக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

“அண்ணா,” என்றாள் தணிந்த குரலில், “இந்தப் பேட்டரி வெறப்பாதான் இருக்கணும். தட்டையா, செங்கல்லு மாதிரி. உள்ள கெட்டுப்போனா காத்து கட்டிக்கும். அந்தக் காத்துதான் உன் கைக்கு மெத்துன்னு இருக்குது.”

“காத்தா?”

“செத்த எருமை வெயில்ல கெடந்தா வயிறு உப்புமே. அது மாதிரி.”

இன்பராஜின் விரல் இன்னும் பேட்டரியின் மேல்தான் இருந்தது. உப்பின உடம்பிலிருந்து உரித்த தோல் என்ன கதியாகும் என்று அவனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மயிர் பிடுங்கிக்கொண்டு வரும். சுண்ணாம்பில் போட்டால் கூழாகிவிடும். விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

“இதை சார்ஜ்ல போட்டா?”

“தீப்புடிக்கும். போடாம சும்மா வெச்சிருந்தாலும் நம்ப முடியாது. அதான் மண்ணு.” பிறகு கேட்டாள்: “கழிச்சதெல்லாம் எங்க?”

“அன்னிக்கே வியாபாரி வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன்.” அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். “மெர்சி... இருந்ததுலயே நல்லதுன்னு நான் நெனச்சது இங்க இல்ல.”

“இன்னா சொல்ற?”

“ரொம்ப மெத்துன்னு இருந்ததைத் தனியா எடுத்து ஹெலனுக்குக் குடுத்துட்டேன். பாவம், பீடி சுத்துற வீட்டுப் பொண்ணுங்க. அதுங்களுக்கு யாரு முதல் ரகம் குடுக்கப்போறாங்கன்னு...”

ஹெலன் பேரணாம்பட்டுப் பள்ளியில் ஆசிரியை; அவள் பிள்ளைகளும் மறுநாள் அதே போட்டிக்கு வருகிறவர்கள். மெர்சியோடு ஒன்றாகப் படித்தவள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் எடுக்கமாட்டாள். இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்ததும் இன்பராஜ் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான்.

அங்கே வகுப்பறைத் தரையில் ரோபோ நின்றது. சுற்றிலும் மாணவிகள். பேட்டரிப் பெட்டி ஹெலன் மடியில்.

“சார்ஜ் போட்டியா ஹெலன்?” வாசலிலிருந்தே கேட்டான்.

“வாங்கண்ணா, வாங்க! இல்ல, இப்பதான் கரெண்ட் வந்துது. போடலாம்னு எடுத்தேன்.”

“குடு அதை.”

“எதுக்கு?”

“அது சரியில்லம்மா.”

ஹெலன் சிரித்தாள். பின்னாலேயே வந்த மெர்சியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஓ. தங்கச்சிக்குத் தெரிஞ்சுபோச்சா?”

“ஏய், நீ நெனைக்கிற மாதிரி இல்லடி. அது உப்பிப்போச்சு, தீப்புடிக்கும்—”

“பூச்சாண்டி காட்டாத மெர்சி. வேணும்னா வேணும்னு கேளு. ‘ஆம்பூருக்குக்கூடக் குடுக்கல, உனக்குன்னு எடுத்து வெச்சேன்’னு சொல்லித்தான் அண்ணன் குடுத்தாரு. எப்பவும் உங்க மிச்சம்தான் எங்களுக்கு வரும். ஒரு தரம் நல்லது வந்துச்சு. அதுவும் பொறுக்கலையா?”

“ஹெலன், நான் சொல்றதைக் கேளு—”

“அண்ணன் கை பாத்தது. அதுக்குமேல நீ இன்னா சொல்லப்போற?”

இன்பராஜ் சுற்றியிருந்த மாணவிகளைப் பார்க்கவில்லை. கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்தான். ஹெலனுக்கு முன்னால் குனிந்து, பெட்டியிலிருந்த பேட்டரிகளின் கறுப்பு உறைமேல் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டான். அழுத்தாமல், பதமாக.

அந்தக் குறி பேரணாம்பட்டில் குழந்தைக்கும் தெரியும். கழிவுத் தோலுக்குப் போடுவது. முதல் ரகம் என்று தான் ஒதுக்கிய தோலிலேயே அதைப் போட்ட அசார்ட்டரை அப்புறம் எந்தக் கம்பெனியும் மேசைப் பக்கம் அண்டவிடாது. ஹெலனின் அப்பாவும் தோல் ஷெட்டில் இருந்தவர்தான்.

அவள் அந்தக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, ஆடாமல் கொண்டுபோய் வெளியே மரத்தடி மண்ணில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு மாணவி ரோபோவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி வேலூர்ல சுத்திப் பாக்கலாம்ணா,” என்றாள் மெர்சி. “நல்ல பேட்டரி ஒண்ணு கெடைச்சாக்கூட இவங்களுக்கே முதல்ல—”

“நீ சும்மா இரு மெர்சி.” ஹெலன் இன்பராஜைப் பார்த்தே பேசினாள். குரலில் இப்போது சண்டை இல்லை. “காலைல முதல் பஸ்ஸுக்கே வந்து நிப்பாங்க இவங்க. யூனிஃபார்மெல்லாம் தோய்ச்சுப் போட்டாச்சு. நான் இன்னா சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கண்ணா.”