கத்திரிப் பாத்தியில் ஓர் ஊசி

மேல்சித்தாமூர் சாலையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சைபுதீன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை மொபெட்டில் எரு மூட்டை ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்தார். ஊர்க் குப்பையை மக்கவைத்து எருவாக்கப் பெண்கள் குழு நடத்தும் உரக்கொட்டகையின் வாசலில் அதை இறக்கினார். பிறகு உள்ளே போய், பொறுப்பாளர் பாரதியின் மேசைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே இரண்டு ஊசிகள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சின்ன ஊசிகள்.

“உங்க எருவுல இருந்துச்சும்மா. ஒண்ணு எங்க வீட்ல கையில ஏறிடுச்சு.”

“எப்போ பாய்?”

“நேத்து. கத்திரிச் செடிக்கு எரு வெச்சிக்கினு இருந்தாங்க.”

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

“மஞ்சள் வெச்சிக் கட்டிக்கினாங்க. சின்ன ஊசிதான, இன்னா ஆவப்போவுதுன்றாங்க.”

பாரதி எழுந்துவிட்டாள். “பாய், இப்பவே அக்காவைக் கூட்டிக்கினு போவணும். நானும் வரேன்.”

பாரதிக்கு முப்பது வயது. தாவரவியல் படித்தவள். அவள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் சைபுதீனின் வயலுக்குப் போய்ப் பேசியது அவள்தான். அவர் வயலில் விளையும் கத்திரிக்காயும் மிளகாயும் செஞ்சிக்கு வருகின்றன, ஊர் சமைத்துச் சாப்பிடுகிறது, காம்பும் தோலும் மிச்சச் சோறும் குப்பை மேட்டில் கிடந்து புகைகின்றன. மண்ணிலிருந்து போனது மண்ணுக்குத் திரும்பாவிட்டால் ஒவ்வொரு போகத்துக்கும் நிலம் இளைத்துக்கொண்டே போகும் என்று சொன்னாள். அவர் முதலில் நாலு பாத்திக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். இரண்டாவது வருடம் அந்தப் பாத்திகளில் ஈரம் கூடுதலாக நின்றது. அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் வாங்க ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சைபுதீனின் மனைவி அசீசுன்னிசாவுக்கு டாக்டர் தடுப்பூசி போட்டு, இரத்தம் எடுத்தார். ஆபத்து மிகக் குறைவுதான், ஆனாலும் ஆறு மாதம்வரை மூன்று முறை பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. என்று நோய்களின் பேரை அவர் சொன்னபோது அசீசுன்னிசா புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சைபுதீன் சொன்னார்: “உங்கமேல கோவம் இல்லம்மா. ஆனா இனிமே எரு வாணாம். அந்த ஆறு பேர்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லுங்க பாய். சொல்லித்தான் ஆவணும்,” என்றாள் பாரதி.

மறுநாள் முதல் ஒவ்வொரு தெருவின் மக்கும் குப்பையையும் தனித்தனியாகக் கொட்டிக் கிளறச் சொன்னாள். கொட்டகையில் வேலை செய்யும் சின்னப்பொண்ணு நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டாள். ஒரு பையில் வாழைக்காய்த் தோல், முருங்கைக் காம்பு. அவற்றுக்கு நடுவே செய்தித்தாளில் இறுக்கிச் சுருட்டிய ஒரு கட்டு. அதற்குள் ஏழு ஊசிகள்.

“இது தெரியாம போட்டது இல்ல பாரதி,” என்றாள் சின்னப்பொண்ணு. “ஒளிச்சி வெச்சிருக்காங்க. சுந்தராம்பாள் டீச்சர் வீட்டுப் பை இது. காலையில அவங்க வாசல்ல நான்தான் வாங்கினேன்.”

சுந்தராம்பாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. தனியாக வசித்தார். தெருவில் பச்சைக் கூடையையும் நீலக் கூடையையும் மாற்றிப் போடாத ஒரே வீடு அவருடையது. பாரதி போனபோது அவரே கதவைத் திறந்தார். ஊசிகளைப் பார்த்ததும் மறுக்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

“மெட்ராஸ்ல இருக்கிற பையனுக்கு மாத்திரைன்னு மட்டும்தான் தெரியும். ஊசி போட்டுக்கிறேன்னு தெரிஞ்சா வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான். தெருவுல ஒருத்தர் பார்த்தா போதும், அவன் காதுக்குப் போயிடும். தோலுக்குள்ள வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.”

“அது வயலுக்குப் போவுது டீச்சர். ஒருத்தங்க கையில ஏறியிருக்குது.”

சுந்தராம்பாள் கேட்டார்: “என் பேரைச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு அசீசுன்னிசா சைபுதீனோடு வந்த அன்று, பாரதியிடம் நாள் கேட்டுவைத்திருந்த சுந்தராம்பாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தான் யார், தான் செய்தது என்ன என்று நேராகச் சொல்லிவிட்டார். சைபுதீன் எழுந்து வெளியே போனார். அசீசுன்னிசா மட்டும் நகரவில்லை.

“ஒன்றரை மாசமா எங்க வீட்டுப் பிள்ளைங்க குடிக்கிற டம்ளரை நான் தொடல, டீச்சர்,” என்றாள். “டாக்டர் ஒண்ணும் ஆவாதுன்றாரு. மனசு கேக்கல.”

சுந்தராம்பாள் அழுதார். அசீசுன்னிசா அவரைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து இரத்தம் கொடுக்கப் போனாள்.

அன்றே சுந்தராம்பாள் மகனுக்குப் போன் செய்தார். அவர் பயந்தபடியே அடுத்த ஞாயிறு அவன் காரோடு வந்தான். போவதற்கு முன் அவர் உரக்கொட்டகைக்கு வந்து, “ஊசி போட்டுக்கிறவ இந்த ஊர்ல நான் ஒருத்தி மட்டும் இல்ல பாரதி. கேட்டா சொல்ல மாட்டாங்க, வேற வழி பண்ணு,” என்றார்.

பாரதி மூன்று மருந்துக் கடைகளில் பேசினாள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு மூடி, மருந்து வாங்க வரும்போது கொண்டுவந்து கொடுத்தால் போதும். பேர் கேட்க மாட்டார்கள். மருத்துவக் கழிவு வண்டி வந்து எடுத்துப் போகும். கொட்டகையில் எருவைச் சலிக்கப் பொடிக்கண் சல்லடை வாங்கினார்கள். வேலை இரண்டு மடங்கானது. சின்னப்பொண்ணு ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

ஆறு மாதப் பரிசோதனையிலும் அசீசுன்னிசாவுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அடுத்த போகத்துக்குச் சைபுதீன் மூன்று மூட்டை எரு மட்டும் எடுத்தார். கத்திரிக்கு இல்லை, வரப்போரத் தென்னைகளுக்கு. மற்ற ஆறு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

மருந்துக் கடைகளில் முதல் மாதம் சேர்ந்த பாட்டில்கள் இருபத்து மூன்று. பாரதி நாலைந்துதான் எதிர்பார்த்திருந்தாள். இத்தனை நாளும் இந்த ஊசிகள் எல்லாம் எங்கே போயின என்று ஒரு கடைக்காரர் கேட்டார். அவள் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினாள்.