பஞ்சுவின் வீங்கிய முகம்

மடவார் வளாகம் என்ற பகுதியில் குடியிருக்கும் ஜெயசித்ரா, ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வேலை பார்ப்பவள். வார லீவு நாளில் துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கியபோது, அவளுடைய நாய் பஞ்சு முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை நன்றாக இருந்த முகம் பன் போல உப்பியிருந்தது. கண்கள் இடுங்கியிருந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது.

அந்த எச்சிலைத்தான் எதிர்வீட்டு ஐயாதுரை பார்த்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். தெருவில் எது நடந்தாலும் முதலில் சொல்பவர். கம்பிக் கதவு வழியாகப் போட்டோ எடுத்து, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: "ஜெயசித்ரா வீட்டு நாய்க்கு வெறி பிடித்துவிட்டது. பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்."

பத்து நிமிடத்தில் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். இரண்டு பேர் கையில் கம்பு. நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஜெயசித்ரா போன் போட்டு வரச் சொன்ன ஆட்டோக்காரர் தெருமுனைவரை வந்து, விஷயத்தைக் கேட்டதும் திரும்பிவிட்டார்.

"ஏட்டி, அதை வெளிய விடு. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் ஐயாதுரை.

"வருசா வருசம் வெறிநாய் ஊசி போடுதேன்ணே. சீட்டு இருக்கு. உங்க வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். டாக்டரு வெறின்னு சொன்னா, பொறவு நான் ஒரு வார்த்தை பேசல."

டாக்டர் வாயாலேயே வெறி என்று சொல்லவைத்து விஷயத்தை முடித்துவிடலாம் என்றுதான் ஐயாதுரை வண்டியை எடுத்தார். பின்னால் தார்ப்பாயின் மேல் நாயின் தலையைத் தாங்கியபடி அவள் உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, எஞ்சின் சத்தத்தையும் மீறி அதன் மூச்சு அவர் காதில் விழுந்தது. அடைத்துக்கொண்டு விசில் போல இழுத்தது. அதன்பின் ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

கால்நடை டாக்டர் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே ஊசி போட்டார்.

"குளவி கொட்டியிருக்கு. ஒத்துக்காம தொண்டை வரைக்கும் வீங்கிருச்சு. அதான் எச்சிலை முழுங்க முடியல. வெறி பிடிச்சா மூஞ்சி இப்படித் திடீர்னு வீங்காது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா மூச்சு நின்னுருக்கும்."

ஐயாதுரை வண்டியை எடுக்காமல் அங்கேயே காத்திருந்தார். மதியத்துக்குள் வீக்கம் பாதி வடிந்து, பஞ்சு எழுந்து தண்ணீர் குடித்தது. அப்புறம்தான் அவர் போனை எடுத்தார். பழைய செய்தியை அழிக்காமல், அதற்குக் கீழே தன் குரலிலேயே பேசிப் போட்டார்:

"ஐயாதுரை பேசுதேன். அது வெறி இல்ல, குளவி கொட்டுனது. எனக்குத் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி போட்டுட்டேன். வந்த ஆட்டோவும் என்னாலதான் திரும்பிப் போச்சு. நாய்க்குத் திடீர்னு முகம் வீங்குனா கம்பைத் தூக்காதீங்க, கை வைத்தியமும் பாக்காதீங்க. உடனே டாக்டர்ட்ட கொண்டு போங்க. தெரியாத சங்கதிய ஊருக்குச் சொல்லாம இருந்தாலே ஒரு உசுரு பிழைக்கும்."