முனிஸா போட்ட பதினோரு கோல்கள்

பலாவ் சோற்றுத் தட்டின் மேல் ஆட்டுக்கறியை நறுக்கிக்கொண்டிருந்த ஹம்ரோகுல், கத்தியைக் கீழே வைக்காமலேயே செய்தியைச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை நம்ம முனிஸா இங்கயே வந்து ஆடப்போறா. சமர்கந்துக்காரங்க மைதானத்துல புல்லு மாத்துறாங்களாம், அதனால கடைசி ஆட்டத்தைக் கோகந்துக்கு மாத்திட்டாங்க. நம்ம எல்லாருமே போறோம்."

முனிஸா என் மகள். இருபது வயது. ஜிஸாக் நகரத்துப் பெண்கள் கால்பந்து அணியில் இரண்டு வருடமாக ஆடுகிறாள். ஆட்டம் எங்கள் ஊரான கோகந்துக்கு வருவது எனக்கு மூன்று நாளாகவே தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. சாய்கானா தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்த மற்ற பத்துப் பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெண்ணைப் பெற்றவனுக்குப் பூரிப்பில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் பதினோரு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வியாழக்கிழமைதோறும் கூடுவோம், முறை வைத்துச் சமைப்போம், பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும், விறகு விலையில் தொடங்கினாலும், முடிவது கால்பந்தில்தான். அதிலும் ஒரே கேள்வியில்தான்: ஜெயிப்பதற்கு முன்வரிசை முக்கியமா, பின்வரிசை முக்கியமா? முப்பது வருடமாக இந்தக் கேள்வி எங்களிடம் சோறு தின்கிறது. முன்வரிசைக் கட்சிக்கு நான் தலைவன். எண்ணெய் ஆலை அணிக்கு ஒரே பருவத்தில் பத்தொன்பது கோல் போட்டவன் நான். இப்போது வீடு வீடாகப் போய்க் குளிர்பெட்டி பழுது பார்த்தாலும், பழைய ஆட்கள் என்னைக் 'கோல் நுஸ்ரத்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடிக்கும், ஒளிக்க என்ன இருக்கிறது.

பின்வரிசைக் கட்சிக்குத் தலைவன் இஸ்மத். அதே எண்ணெய் ஆலை அணிக்குக் கோல் காத்த கோலி. இப்போது பல் வைத்தியன். அவன் கட்சியில் அவனையும் சேர்த்து மூன்றே பேர், ஆனால் வாய் முப்பது பேருக்கு. அன்றும் விடவில்லை. நான்கு தேநீர்க் கிண்ணங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தான்.

"இதான் ஜிஸாக்கோட பின்வரிசை. இருபத்தோரு ஆட்டத்துல மொத்தமே ஏழு கோல்தான் வாங்கியிருக்காங்க. சமர்கந்து எம்பது போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ஜிஸாக்குக்கு சமன் ஆனாலே கோப்பை. நம்ம முப்பது வருஷச் சண்டைக்கு அன்னைக்குத் தீர்ப்புடா நுஸ்ரத்."

"எம்பது போட்டவன் எம்பத்தொண்ணு போடமாட்டானா?" என்றேன். பழக்கதோஷம்.

"ஏன்டா, உம் பொண்ணு டீமு தோக்கணும்ங்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்ரோகுல் எனக்காகப் பரிந்துகொண்டு வந்தான். அவன் சந்தையில் முலாம்பழம் விற்பவன், சூது வாது தெரியாதவன், எங்கள் கட்சியின் உறுதியான தொண்டன். "அவம் பொண்ணு இருக்கிறதே முன்வரிசையிலதான? பதினோரு கோலு போட்டவ. ஜிஸாக் ஜெயிச்சா அவளாலதான் ஜெயிக்கும். அப்பவும் நம்ம கட்சிதான்டா."

இதுதான் என் தொண்டையில் நின்ற விஷயம். முனிஸா ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அவள் முன்வரிசையே இல்லை. பின்வரிசையில், நட்ட நடுவில், ஐந்தாம் எண் சட்டை போட்டுக்கொண்டு நிற்பவள்.

பொய்யை நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அவள் பந்தாட ஜிஸாக்குக்குப் போனபோது தெருவில் வாய் பொத்திப் பேசினார்கள். அரைக்கால் சட்டை போடுகிற பெண்ணை யார் கட்டுவான் என்று என் அக்காவே கேட்டாள். முதல் ஆட்டம் முடிந்த வியாழக்கிழமை ஹம்ரோகுல், "பொண்ணு கோல் போட்டாளா?" என்று கேட்டான். அவ்வளவு ஆசையாகக் கேட்டான். "ஒண்ணு போட்டா," என்று வந்துவிட்டது. கோல் நுஸ்ரத்தின் மகள் கோலைத் தடுக்கிறாள் என்று இஸ்மத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் ஒன்று இரண்டானது. நம்பும்படியாக இருக்கட்டும் என்று சில வாரம் "இன்னைக்கு இல்ல, கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சு," என்றும் சொன்னேன். பெண்கள் ஆட்டத்தை யார் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்? இந்த வசந்தத்தில் கணக்கு பதினொன்றில் நின்றது. பொய்யிலும் நான் பேராசைக்காரன் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். "முனிஸா அப்பா, போய் உண்மையைச் சொல்லிடுங்க. பொண்ணு காதுக்குப் போனா அவ என்ன நெனைப்பா? அப்பாவுக்கு நம்ம ஆட்டம் பத்தலைன்னுதான நெனைப்பா?" என்றாள் அவள். நான் மகளுக்கு போன் போட்டேன். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு சனமெல்லாம் வருது. கொஞ்சம் முன்னால போய் ஆடேன்."

"நான் முன்னால போனா பின்னால யாருப்பா நிப்பாங்க?"

"அதுக்கில்ல. ஒரு ரெண்டு தடவை, சும்மா."

"எட்டு மணிக்குத் தூங்கச் சொல்லியிருக்காங்கப்பா. வைக்கட்டுமா?" என்றாள். வைத்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நான் கேட்டது ஒரே கேள்வி: கோல் உண்டா? இல்லைப்பா என்பாள். சரி என்பேன். அதற்கு மேல் அவளிடம் எதையும் நான் கேட்டதில்லை.

ஞாயிறு மாலை நாலு மணி ஆட்டத்துக்குப் பதினோரு பேரும் போனோம். இரண்டு பை நிறைய ரொட்டி, சம்சா, ஹம்ரோகுலின் பழம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டை தேய்த்துப் போட்டிருந்தான் ஹம்ரோகுல். கிழக்குப் பக்கப் படிகளில் உட்கார்ந்தோம். அணிகள் இறங்கின. என் மகள் நேராக நடந்து போய் எங்கள் பக்கத்துக் கோலுக்கு முன்னால் நின்றாள், காலால் புல்லைத் தட்டிப் பார்த்தாள், கோலியிடம் திரும்பி ஏதோ சொன்னாள்.

"என்னடா இது, முனிஸா பின்னால நிக்கிறா?" என்றான் ஹம்ரோகுல்.

"அது பயிற்சியாளரோட தந்திரம். இனிமேதான் போவா," என்றேன்.

இஸ்மத் என்னை ஒருமுறை பார்த்தான். பல்லைப் பார்த்தே வயது சொல்கிறவன், நிற்கிற நிலையைப் பார்த்து ஆடுகிற இடம் சொல்ல மாட்டானா? நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

சமர்கந்துக்காரிகள் எடுத்த எடுப்பில் அலை அலையாக வந்தார்கள். அவர்களிடம் பத்தாம் எண் போட்ட ஒருத்தி இருந்தாள். நெட்டை, ஓட்டம் என்றால் ஓட்டம். அவள் ஒருத்தியே அந்த வருடம் முப்பத்து நாலு போட்டிருந்தாள். என் காலத்தில் நான் பார்த்திருந்தால் அவள் பூட்ஸைத் துடைத்துக் கொடுத்திருப்பேன். பந்து அவள் காலுக்கு வரும்போதெல்லாம் என் உடம்பு தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தது, அடி, அடி என்று. அப்போதெல்லாம் அவளுக்கு எதிரே ஐந்தாம் எண் நின்றது. நெட்டை ஒரு பக்கம் போவதுபோலக் காலால் பொய் காட்டினாள், முனிஸா ஏமாறவில்லை. அவள் வெட்டித் திரும்பினாள், திரும்பின இடத்தில் முனிஸா இருந்தாள். முப்பத்து நாலாவது நிமிடம் கோலியும் விழுந்துவிட்டாள், வலை வாய் பிளந்து கிடந்தது, பந்து உருண்டு போய்க்கொண்டே இருந்தது. முனிஸா சறுக்கிப் போய்க் கோட்டின் மேல் வைத்தே அதை வெளியே தள்ளினாள். கம்பத்தில் தோள் இடித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. எழுந்தாள், சட்டையை உதறினாள், மற்ற பெண்களைக் கையால் இழுத்து அவரவர் இடத்தில் நிறுத்தினாள்.

"பாத்தியா?" என்றான் இஸ்மத். என்னிடம் அல்ல, யாரிடமும் அல்ல. "அவ பந்தைப் பாக்குறதே இல்லடா. அந்த நெட்டச்சியோட இடுப்பை மட்டும் பாக்குறா. காலு பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. யாருடா சொல்லிக்குடுத்தது இவளுக்கு?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியாது. பத்தொன்பது கோல் போட்டவனுக்கு, தன்னைத் தடுக்க வந்தவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. ஆனால் நெஞ்சு விம்மிப் போயிற்று. என் கோல்களில் ஒன்றுகூட எனக்கு இந்த மாதிரிப் பெருமையைக் கொடுத்ததில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "அஞ்சாம் நம்பர் எம் பொண்ணு," என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் விழவில்லை. அப்போது ஜிஸாக்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமான பெண்களெல்லாம் முன்னால் போனார்கள். முனிஸாவையும் ஒருத்தி கையசைத்துக் கூப்பிட்டாள். எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்றது. ஹம்ரோகுல் தொண்டை கிழியக் கத்தினான். "போ முனிஸா, போ கண்ணு, பன்னெண்டாவதைப் போடு." முன்வரிசைக் கட்சியில் என்னைத் தவிர ஏழு பேரும் சேர்ந்து கத்தினார்கள். நடுக்கோட்டில் நின்றவள் திரும்பிப் படிகளைப் பார்த்தாள். என்னைத்தான் தேடினாள். கண்டும்விட்டாள்.

அந்த நெட்டைப் பெண் நடுக்கோட்டருகே சும்மா நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தாள். பந்து கிடைத்தால் அவளுக்கு முன்னால் முனிஸாவையும் கோலியையும் தவிர ஆளே இல்லை. அந்த இடத்தில் எத்தனை தடவை நானே அப்படிப் பசித்த பூனையாக நின்றிருக்கிறேன். அது என்ன நிற்பு என்று எனக்குத் தெரியாதா?

"போகாதம்மா," என்று கத்தினேன். "அங்கயே நில்லு. போகாத."

பதினோரு பேர் வரிசையில் சத்தம் சட்டென்று நின்றது. முப்பது வருடமாகப் போ, போ என்று மட்டுமே சொன்ன வாய் அது.

அவள் நின்றாள். நான் சொல்லாவிட்டாலும் நின்றிருப்பாள், அது எனக்குத் தெரியும். கார்னர் பந்தை சமர்கந்துக்காரிகள் தலையால் முட்டி எறிந்தார்கள், அது நேரே நெட்டையின் காலுக்கு வந்தது. அவள் பறந்தாள். முனிஸா மோதவில்லை, காலை நீட்டவில்லை, பின்னோக்கியே பின்னோக்கியே போனாள், கொஞ்சம் கொஞ்சமாக அவளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல். அடிக்க இடமில்லாமல் கோட்டோரம் போய் நெட்டை ஒரு கணம் பந்தைக் காலை விட்டு நழுவ விட்டாள். முனிஸா பூட்ஸ் நுனியால் அதைத் தொட்டு வெளியே விட்டாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள். கோப்பை ஜிஸாக்குக்கு.

வேலிக்கம்பி ஓரம் பதினோரு பேரும் இறங்கிப் போய் நின்றோம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் மண். எல்லோருக்கும் சலாம் சொன்னாள். ஹம்ரோகுலுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை.

"பதினோரு கோல் போட்ட பொண்ணு, எங்க முன்னால ஒண்ணும் போடாமப் போயிட்டியேம்மா?"

முனிஸா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. இரண்டு வருடத்துப் பொய் அவள் காலடியில் வந்து விழுந்து கிடந்தது.

"இன்னைக்கு வேற வேலை குடுத்துட்டாங்க சித்தப்பா," என்றாள் சிரித்தபடி. "அடுத்த தடவை பாப்போம்."

என்னையும் தடுத்துக் காப்பாற்றிவிட்டாள். அப்படியே விட்டிருந்தால் வியாழக்கிழமை தலை நிமிர்ந்து போயிருக்கலாம். விட முடியவில்லை. அவள் சிரிப்பில் கொஞ்சம் வலி இருந்தது, அது தோள் வலி இல்லை.

"அவ ஒரு கோலும் போட்டதில்ல," என்றேன். "நான் சொன்னதெல்லாம் பொய். அவ மொதல்ல இருந்தே பின்வரிசைதான். தடுக்கிறவ. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, இன்னைக்கு அந்த வெக்கத்தை நெனைச்சா வெக்கமா இருக்கு. இவள மாதிரி ஒருத்தி அன்னைக்கு எதிர்ல நின்னிருந்தா எனக்குப் பத்தொன்பது ஏது, ஒம்பதுகூட வந்திருக்காது."

இஸ்மத் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. ஹம்ரோகுல்தான் நெற்றியைச் சொறிந்துகொண்டு யோசித்தான். அவனுக்கு ஏதாவது ஒரு எண் வேண்டும், அப்போதுதான் சந்தையில் போய்ச் சொல்ல முடியும்.

"சரி, அப்போ எத்தனை தடுத்தா?"

எனக்குத் தெரியவில்லை. "அதையெல்லாம் எவன்டா எழுதி வச்சான்?" என்றான் இஸ்மத். "நான் ஆடுன பத்து வருஷத்துல ஒருத்தனும் எழுதல."

"எனக்குத் தெரியும்," என்றாள் முனிஸா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. மொதல்ல, கார்ஷியில. மூணாவது நிமிஷம். எடது பக்கமா ஒருத்தி வந்தா, மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு, என் கால் வழுக்கிருச்சு..."

பூட்ஸ் முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள், அந்தப் பெண் வந்த வழியைக் காட்ட. இஸ்மத் கம்பிக்குள் விரல்களை விட்டுக்கொண்டு குனிந்தான். ஹம்ரோகுல் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "மெதுவாச் சொல்லும்மா, எந்தப் பக்கம்?" என்று நான் கேட்டேன். அவள் முதலில் இருந்து சொன்னாள். ஜிஸாக் பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு மற்ற பெண்கள் ஏறிவிட்டார்கள். அவள் இன்னும் நான்காவது தடுப்பில்தான் இருந்தாள்.