டேப் சுற்றிய சென்சார்

நாராயணம்மாவின் டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். தீர்த்தகிரியின் பிளாஸ்டிக் கப் மட்டும் அந்த வரிசையில் சேராமல் ஓரத்து ஆணியில் தொங்கும். அவனே எடுப்பான், அவனே கழுவுவான், அவனே திரும்ப மாட்டிவிட்டு வருவான். நாராயணம்மா கெட்டவள் இல்லை. சர்க்கரைகூடக் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவாள். ஆனால் அவன் கப்பில் படாமல் உயரத்திலிருந்து டீயை ஊற்றுவாள்.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி தீர்த்தகிரிக்கு ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. ஓசூர் போகிற லாரி, கிருஷ்ணகிரி போகிற லாரி என்று ஒரு காலத்தில் வாசல் அடைத்துக் கிடந்தது. அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்ததும் புழுதியைத் தவிர வேறெதுவும் அங்கே வந்து நிற்பதில்லை. மனைவி மங்கம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தளியில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரையில் உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. பேச ஆளில்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

அன்று மத்தியானம் தக்காளி லோடோடு ஒரு லாரி ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவன் முனிவேல். ஒரே தட்டில் தின்று வளர்ந்த சிநேகிதன். சேதி தெரிந்த பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

"ரேடியேட்டரு ஃபேனு சுத்தவே மாட்டேங்குது. ஏத்தத்துல தண்ணி கொதிச்சிருச்சு," என்றான், எட்ட நின்றபடி.

"சூடு பாத்து ஃபேன ஓடவிடற சென்சாரு, அத யாரு மாட்னது?"

"நாந்தான். புதுசு."

உன்னிடம் வரப் பிடிக்காமல் நானே மாட்டினேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். தீர்த்தகிரி குனிந்து எடுத்துக்கொண்டான்.

எஞ்சின் ஆறிய பிறகு சென்சாரைக் கழற்றினான். திருகு மரையே தெரியாதபடி வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

"எதுக்கு மச்சா இவ்ளோ டேப்பு?"

"தண்ணி கசியுமோன்னு ஒரு பயந்தான்."

"இதுக்கு ஒத்த வயருதான்டா. ரேடியேட்டரு பித்தளையத் தொட்டாத்தான் இதுக்கு எர்த்து கெடைக்கும். நீ தொடவே விடாம சுத்திட்ட. உள்ள கொதிக்கறது இதுக்குத் தெரியுது. வெளிய சொல்லத்தான் வழியில்ல."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. சென்சாரைப் பற்றித்தான் பேசினான், ஆனாலும் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப்பை உரித்துப் போட்டான். கசியாமலிருக்கச் செம்பு வாஷர் ஒன்றைக் கொடுத்துச் சென்சாரை இறுக்கினான். தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார்கள். சூடு ஏறக் காத்திருந்தார்கள். முனிவேல் கீழே கிடந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று ஃபேன் சுற்றத் தொடங்கியது.

முனிவேல் விறுவிறுவென்று டீக்கடைக்குப் போனான்.

"தீர்த்தகிரிக்கும் எனக்கும் ரெண்டு டீ குடுங்கக்கா."

நாராயணம்மா ஆணியில் தொங்கிய கப்பைக் கைகாட்டினாள்.

"அது வேணாங்கா. ரெண்டும் கண்ணாடி கிளாஸ்லயே குடுங்க."

திரும்பி வந்தவன் கிளாஸைத் தரையில் வைக்கவில்லை. தீர்த்தகிரியின் கையைப் பிடித்து அதில் வைத்தான். பிடித்த கையை விடவுமில்லை.

"ஒண்ணா டீ குடிச்சா, கையத் தொட்டா இந்த நோவு ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரி செவுத்துலயே எழுதிப் போட்ருக்கான். அதப் படிச்சிட்டும் ஒதுங்குனேன் பாரு. நோவுகூட உன்ன இவ்ளோ வாட்டல மச்சா. நாங்க சுத்துன டேப்புதான் வாட்டுச்சு."

தீர்த்தகிரிக்குக் கண் நிறைந்தது.

"டீ ஆறுது, குடிடா," என்றான் முனிவேலிடம்.