மர்டோவின் பெயரில் இருந்தவை

“அப்போ இந்த நாற்காலியாவது என்னுதா, இல்ல இதுவும் உன் பேர்லதானா?”

“இதுவும் என் பேர்லதான். என் தயவுலதான் உக்காந்திருக்க. பேசாம சூப்பைக் குடி.”

“கேட்டுக்கிட்டியா ரோனா? கட்டின பொண்டாட்டி பேசற பேச்சு!”

ரோனா சிரித்தாள். வாசலிலேயே கழற்றியிருக்க வேண்டிய மேல்கோட்டு இன்னும் அவள் தோளில் இருந்தது. தோல்பை மடியில் இருந்தது. அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மர்டோ கெய்ர்ன்ஸ் ஜன்னலோரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். மூக்கில் பிராணவாயுக் குழாய். மாடிப்படி ஏற முடியாமல் போனபிறகு அவன் கட்டிலைக் கீழே, கடல் பார்த்த முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவன் மனைவி எல்ஸ்பெத் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். புகையிட்ட மீனும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பின் மணம் அறை முழுக்க இருந்தது. மர்டோ இரண்டு கரண்டிக்கு மேல் குடித்திருக்கவில்லை.

அவன் கேலியில் பொய் இல்லை. அந்த நாற்காலி உண்மையிலேயே எல்ஸ்பெத்துடையதுதான். வீடும், தோட்டமும், கார் நிற்கிற கொட்டகையும் அவளுடையவை. இன்ச்மோர் நிறுவனத்தில் கூட்டாளி ஆகிற எவருக்கும் முதல் நாளே வக்கீல் சொல்கிற புத்திமதி அது. கம்பெனி நொடித்தால் கடன்காரர்கள் கூட்டாளிகளின் வீட்டு ஸ்பூன் வரைக்கும் எடுத்துப் போகலாம். அதனால் இருப்பதையெல்லாம் கட்டியவள் பெயருக்கோ கட்டியவன் பெயருக்கோ மாற்றிவிடு. மர்டோ அன்றைக்குச் சாயங்காலமே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இனி நான் உன் வீட்டுக் குடித்தனக்காரன் என்று மனைவியிடம் சொல்லிக் குடித்தானாம். ரோனாவும் அதையேதான் செய்தாள். அவளுக்குக் கணவன் இல்லை. அவள் குடியிருக்கிற வீடு நெய்ர்ன் ஊரில் இருக்கிற தங்கையின் பெயரில் இருந்தது.

இன்ச்மோர் பிறர் பணத்தை வாங்கி முதலீடு செய்து பெருக்கித் தருகிற நிறுவனம். பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியமும், ஆஸ்பத்திரித் தாதிகளின் சேமிப்பும், தூர தேசத்து அரசுகளின் எண்ணெய்ப் பணமும் எடின்பரோவின் அந்தக் கல் கட்டிடத்துக்குள்தான் வந்து சேரும். இவ்வளவு பெரிய நிறுவனம் யாருடையது என்று வருஷத்துக்கு ஒரு பத்திரிகையாவது கேட்டு எழுதும். நாற்பது சொச்சம் பேருடையது என்பதுதான் பதில். அத்தனை பேரும் காலையில் அந்தப் படி ஏறி வேலைக்கு வருகிறவர்கள். படி ஏறுவது நின்றால் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாரிசுக்குக் கிடையாது; வெளியாருக்கு விற்கவும் முடியாது. புதிதாகப் பங்கு அச்சடிப்பதும் இல்லை. ஒருவர் விட்டால்தான் அடுத்தவருக்கு.

ஆறு மாதம் படி ஏறாதவர் ஏப்ரல் முடிவதற்குள் விட்டுவிட வேண்டும் என்று கூட்டாளிகளின் ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. ஏப்ரல் முடியப் போகிறது. தலைமைக் கூட்டாளி ரோனா கெடஸ்தான். கையெழுத்து வாங்க வக்கீலை அனுப்பியிருக்கலாம். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“சூப் ஆறிப் போச்சு. சுடவெச்சுக் கொண்டாரேன். ரோனா, நீ கொஞ்சம் வா, தட்டு எடுக்கணும்” என்றாள் எல்ஸ்பெத்.

சமையலறையில் எடுக்க வேண்டிய தட்டு ஒன்றும் இல்லை. எல்ஸ்பெத் கதவைச் சாத்தினாள்.

“அதுக்குத்தானே வந்திருக்க?”

“ஆமா.”

“இந்த மனுஷன் இன்னும் எத்தனை நாள் இருப்பான்னு நினைக்கற? டாக்டரம்மா மே மாசம்னு சொல்றாங்க. ஜூன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரல. அதுக்கப்புறம் எடுத்துக்கக் கூடாதா? செத்தா தானா உங்ககிட்டதானே வருது? காசுலகூட ஒரு பைசா வித்தியாசம் இல்ல.”

“மே முதல் தேதி ஷெட்லண்ட் தீவுலேர்ந்து வந்த அந்தப் பொண்ணு கூட்டாளியா வரா. மர்டோ வெச்சிருக்கறதுதான் அவளுக்குன்னு முடிவாயிருக்கு. அவளும் வீட்டை அடமானம் வெச்சுப் பணம் புரட்டிட்டா.”

“யாரு முடிவு பண்ணினது?”

கூட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, எடுத்தவள் ரோனாதான்.

எல்ஸ்பெத் அடுப்பை ஏற்றினாள். “பாதி வீட்டை உன் பேருக்கு மாத்தறேன்னு போன வாரம் அவன்கிட்ட சொன்னேன். சிரிக்கறான். வீடு நான் உனக்குக் குடுத்தது, அதைத் திருப்பி வாங்கினா மரியாதை இல்லைங்கறான். அந்தப் பங்குதான் நான் சம்பாதிச்சதுங்கறான். நாங்க சம்பாதிக்காத மாதிரி!” கரண்டியைக் கிண்ணத்துக்குள் வேகமாகப் போட்டாள். “என் பொண்ணு பொறந்தப்ப ஜப்பான்ல இருந்தான். எங்கம்மா சாவுக்கு வந்து, கல்லறைல நின்னுக்கிட்டு டெலிபோன்ல பேசினான். அதெல்லாம் நான் குடுத்ததுதானே? அதுக்கு எனக்கு எத்தனை பங்கு?”

“எல்ஸ்பெத்…”

“நீ ஒன்னும் சொல்ல வேணாம். உனக்கும் இதே கதிதான். உன் தங்கச்சியாவது உன்னைக் குடிவெச்சுப்பாளா, பார்த்துக்க.”

ரோனா முன்னறைக்குத் திரும்பி வந்தபோது மர்டோ ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கடலிலிருந்து மூடுபனி கரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பனிக்குள் ஒரு சரக்குக் கப்பல், போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மங்கலாக இருந்தது.

“என்னைப் பத்தி என்னென்ன சொன்னா?”

“எல்லாம் நல்லதாத்தான்.”

“பொய் சொல்லக்கூட உனக்குச் சரியா வராது. எப்படித்தான் உன்னைத் தலைமைல உக்கார வெச்சாங்களோ.” கொஞ்சம் இருமிவிட்டு, கப்பலை விரலால் காட்டினான். “நம்முது.”

அது அவர்களுடைய பழைய விளையாட்டு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருவில் நடக்கும்போது, எதிரே வருவதில் தங்கள் நிறுவனம் பணம் போட்டிருப்பது எதுவென்று முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் ஜெயித்தவர். ரொட்டி வண்டி நம்முது. பஸ்ஸின் டயர் நம்முது. அந்தக் கிழவர் போட்டிருக்கிற பல்செட்டின் பசை நம்முது. ஒரு முறை சவ ஊர்வலம் ஒன்று போனபோது மர்டோ மெதுவாக, “பெட்டியோட கைப்பிடி நம்முது” என்றான். ரோனா சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு கடைக்குள் ஓடிவிட்டாள். உண்மையில் எதுவும் அவர்களுடையது இல்லை. எல்லாம் யார் யாரோ ஆசிரியர்களுடையது, தாதிகளுடையது. ஆனால் இளமையில், வெயில் அடிக்கிற நாளில், உலகம் முழுக்க இரண்டு பேருக்குச் சொந்தமாக இருந்தது.

“எந்தக் கம்பெனிக் கப்பல்னு இங்கேர்ந்து தெரியாது. சும்மா அடிச்சு விடறே” என்றாள்.

“புகைப்போக்கி நிறத்தைப் பாரு. நம்முதேதான்.” பிறகு அவனே தலையை ஆட்டிக்கொண்டான். “இல்ல. உங்களுது. நான் இனிமே அப்படிச் சொல்லக்கூடாது. எடு தாயே, எடு. பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே எத்தனை நேரம் உக்காந்திருப்ப?”

ரோனா பங்கை விட்டுக்கொடுக்கிற காகிதத்தை எடுத்தாள். ஒரே ஒரு பக்கம். அதை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து அவன் மடியில் வைத்தாள். அவன் மூக்குக் கண்ணாடியைத் தேடினான். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. எத்தனையோ பேரின் மடியில் இதே காகிதத்தை வைத்தவன் அவன்.

பழைய கூட்டாளி லாரிமர் இறந்தபோது அவர் மனைவி எழுதிக் கேட்டிருந்தாள், ஒரே ஒரு பங்கை மட்டும் கணவரின் ஞாபகமாக வைத்துக்கொள்ளலாமா என்று. லாபம் வேண்டாம், ஓட்டு வேண்டாம், சுவரில் மாட்டிவைக்க ஒன்று. கூட்டாளிகளின் மேசையில் பலருக்கு மனம் இளகியது. அப்போது எழுந்தவன் மர்டோ. “ஒன்னு ஒரு விதவைக்கு விட்டா, அடுத்தது ஒரு மகனுக்கு, அப்புறம் மகனோட கடன்காரனுக்கு. ஒரு நாள் அமெரிக்காக்காரன் வந்து கதவைத் தட்டுவான். படி ஏறாதவங்களுக்கு ஒன்னு கூடக் கிடையாது” என்றான். எல்லோரும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். ரோனாவும் தட்டினாள். லாரிமர் அம்மாளுக்குப் பதில் எழுதியனுப்பியவனும் மர்டோதான். சில வருஷம் கழித்து அமெரிக்காக்காரர்கள் நிறுவனத்தை விலைக்குக் கேட்டு வரத்தான் செய்தார்கள். விற்கலாமா கூடாதா என்று யாரும் இரண்டாம் முறை யோசிக்கவே இல்லை. லாரிமர் அம்மாளுக்கே கிடைக்காதது இவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

மர்டோ பேனாவைப் பிடித்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, பெயரை எழுதி முடித்தான். கடைசி எழுத்தின் வால் கோட்டுக்கு வெளியே போயிற்று.

“அசிங்கமா இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு.”

“பாரு, திரும்பவும் பொய்.”

எல்ஸ்பெத் கிண்ணத்தோடு வாசல்படியில் நின்றிருந்தாள். கையெழுத்தைப் பார்த்தாள், ரோனாவைப் பார்த்தாள். உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது மூடப்படவில்லை.

கையெழுத்துக்கு மேலே ஓர் இடம் காலியாக இருந்தது. எத்தனை பங்கு என்று விடுகிறவர் தன் கையால், எழுத்தில் எழுத வேண்டிய இடம். மர்டோ பேனாவை அங்கே கொண்டுபோனான். நுனி காகிதத்தில் தொட்டு ஒரு புள்ளி வைத்தது. அவன் எடுத்துவிட்டான்.

“பேரு எழுதறதுக்குள்ளயே பலம் போயிடுச்சு. எண்ணை நீ எழுதிடு.”

“நீதான் எழுதணும் மர்டோ.”

“என் கையைப் பாரு. நீ எழுதினதான்னு யாரு கேக்கப் போறா? நீதானே தலைமை?”

அவள் பேனாவை வாங்கினாள். அது அவன் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. எழுத வேண்டிய எண் அவளுக்கு மனப்பாடம். இருவருக்கும் ஒரே எண்தான்; ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குச் சமமாகத்தான் கொடுத்திருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே கப்பல் இருந்த இடத்தில் இப்போது பனி மட்டும்தான் இருந்தது. எங்கோ ஒரு கடற்பறவை கத்தியது. மர்டோ போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான். குழாயில் காற்று வந்து போகும் மெல்லிய சீறல் கேட்டது.

“ரோனா.”

“சொல்லு.”

“லாரிமர் அம்மாளுக்கு என்ன எழுதினேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஒரு வார்த்தைகூட மறக்கல. அது தப்புன்னும் சொல்லல. இப்பவும் நான் மேசைல இருந்தா அதையேதான் சொல்லுவேன்.”

அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அந்த ஷெட்லண்ட் பொண்ணுக்கு ஒரு பங்கு குறைஞ்சா தெரியவே தெரியாது” என்றான் அவன், அவளைப் பார்க்காமல், பனியைப் பார்த்தபடி. “சுவத்துல மாட்டறதுக்கெல்லாம் இல்ல. யாருக்கும் சொல்ல வேணாம், எல்ஸ்பெத்துக்குக் கூட. நான் போனதும் தானா உங்ககிட்டயே வந்துடப் போகுது. அதுவரைக்கும்தான். ஒன்னே ஒன்னு குறைச்சு எழுதேன், ரோனா.”