நூற்றுக்கு எழுபத்தொன்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரில் கிடைத்தது. மறைக்க ஒன்றுமில்லை. மருமகனுடைய காரை வருஷச் சோதனைக்கு விட்டுவிட்டு, வாகனச் சோதனை நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த மாடல் கார், எத்தனை வயதில், நூற்றுக்கு எத்தனை முதல் தடவையிலேயே தேறுகிறது என்று ஒரு பட்டியல். வேறு வேலை இல்லாததால் படித்தேன்.

அதில் ஒரு பழைய மாடல். கம்பெனி பேரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு ஒருத்தன் வாசலில் வந்து நிற்பான். சதுரமாக, தீப்பெட்டியைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். எல்லாரும் ‘பெட்டி’ என்றே சொல்வார்கள். பெட்டி பத்து வயதில் நூற்றுக்கு எண்பது தேறுகிறது. பதினைந்தில் அறுபத்தாறு. இருபதில் ஐம்பத்தைந்து. சரி, வயதானால் எதுவும் அப்படித்தான். ஆனால் இருபத்தைந்துக்கு மேல் போட்டிருந்த எண் எழுபத்தொன்று.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எழுபத்தொன்றேதான். ஐம்பத்தைந்து வயதில் நான் ஓடி ஏறின மாடிப்படியை இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். ஒரு தகரப் பெட்டிக்கு மட்டும் வயது ஏற ஏற உடம்பு எப்படித் தேறும்? எழுந்து போய், சீட்டு கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன்.

“ஏம்மா, இந்தப் பட்டியலை யாரு போட்டது?”

“ஆபீஸ்லதாங்க.”

“தப்பா இருக்கு.”

அவள் தலையைத் தூக்கவில்லை. “முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.”

“இருபதுல விழுந்தது இருபத்தஞ்சுல எழுந்து நிக்குமா?”

“விழுந்தது எழுந்து நிக்கலைங்க. விழுந்தது வரவே இல்லை. வந்ததைத்தான் எண்ண முடியும். வராததை எங்க போய் எண்ணுறது?”

எனக்கு இது விளங்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது.*

(* அதாவது, மோசமான பெட்டிகள் எல்லாம் முன்னாலேயே உடைக்கிற இடத்துக்குப் போய்விட்டன. மிஞ்சினவைதான் சோதனைக்கு வருகின்றன. மிஞ்சினவை நன்றாகத்தான் இருக்கும். விளங்காதவர்கள் மறுபடி படிக்கவும். நான் மூன்று தடவை யோசித்தேன், நீங்கள் இரண்டு தடவை படித்தால் தேய்ந்துபோக மாட்டீர்கள்.)

டீயை முடிக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

“கவனிக்கலை, கவனிக்கவும் மாட்டேன்! போன வருஷமும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். நான் யாரையும் கவனிக்கிற ஆள் இல்லை!”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ஐயா. உயிரு உங்களோடது.”

“மிரட்டுறியா?”

அவ்வளவுதான் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வெளிர்நீலப் பெட்டி வெளியே வந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். ஓட்டினவருக்கு என் வயது இருக்கும். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் புதுச் சீட்டு. தேறிவிட்டது. போய்விட்டார்.

நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவே. இனி வருவதெல்லாம் நானாகப் போட்டது.

2

முதல் ஆரம்பம்: ‘லஞ்சம் என்னும் நஞ்சு நாட்டின் நரம்புகளில் —’ விட்டுவிட்டேன். மைக் கிடைத்தவன் பேச்சு மாதிரி இருந்தது.

இரண்டாவது: ‘கிழக்கே சூரியன் மெல்ல —’ சூரியனுக்கு இங்கே என்ன வேலை?

மூன்றாவது நின்றது:

டெய்லர் பெட்டியைக் கழுவி, துடைத்து, மறுபடி ஒரு காய்ந்த துணியால் துடைத்தார். நாளைக்குப் பன்னிரண்டாவது சோதனை.

[ஏன் டெய்லர்? அந்த நீலப் பெட்டி என்னைத் தாண்டிப் போனபோது இருக்கை உறையைப் பார்த்தேன். ஓரத்தில் இரட்டைத் தையல், நூல் பிடித்த மாதிரி நேராக. கடையில் விற்கிற உறைக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.]

டெய்லருக்கு இரண்டு பெருமைகள். அவர் கைக்கு வந்து பதினொரு வருஷத்தில் பெட்டி ஒரு சோதனையிலும் தவறியதில்லை. அந்தப் பதினொரு வருஷத்தில் எந்த அதிகாரி கையிலும் அவர் எதையும் திணித்ததில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இந்தத் தடவை பெருமை மட்டும் போதாது. அவருடைய மகள் நர்ஸ். திங்கட்கிழமை சரிவுச் சாலைக்குக் கீழே இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். காலை ஆறு மணிக்கு டியூட்டி, அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. பதினொரு மாதக் குழந்தையையும் கூடவே கொண்டுபோய் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அறையில் விட்டாக வேண்டும். “சோதனையில தேறட்டும், பெட்டி உனக்குத்தான்” என்று டெய்லர் சொல்லியிருந்தார். மருமகன், “அதைப் பழைய இரும்புக்குப் போடுங்க மாமா, பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது” என்று சொல்லியிருந்தான்.

[மருமகனிடம் வேறு வண்டி இல்லையா என்று கேட்காதீர்கள். இல்லை. எழுதுகிறவன் நான்.]

3

முதல் பிரதியில் சோதனைக்காரனுக்கு நல்ல தடித்த மீசை வைத்தேன். நாலு விரலில் மோதிரம் போட்டேன். அவன் டெய்லரின் தாளில் ‘கவனிக்கவும்’ என்று எழுதி, ஒரு மாதிரிச் சிரித்து, நீட்டினான். டெய்லர் சீறினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மீசைக்காரன் நடுங்கிப்போய் ‘பாஸ்’ போட்டான். எழுதி முடித்ததும் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆளு காசு கேட்கவே இல்லையே” என்றாள்.

“கவனின்னா வேற என்னடி அர்த்தம்? நேத்துப் பொறந்தவனுக்குக்கூடத் தெரியும்.”

“நேத்துப் பொறந்ததை எங்கிட்ட விட்டுட்டு, கவனிச்சுக்கோன்னு சொல்லிட்டு நீங்க வெளியூர் போவீங்களே. அப்ப நான் குழந்தைக்கு லஞ்சமா குடுத்தேன்?”

“அது வேற.”

“ஏன் வேற? வண்டியில ஏதோ கோளாறு, கவனிங்கன்னு சொல்லியிருப்பான். சரி, உங்க பேச்சுக்கே வர்றேன். அவன் காசு கேட்டு, இவரு இல்லைன்னு கத்திட்டாரு. அப்புறம் எதுக்கு பாஸ் போட்டான்? இவரு மூஞ்சி அழகுக்கா?”

இஸ்திரிப் பெட்டி இரண்டு சட்டையைத் தாண்டிப் போயிற்று. எழுந்து போய் மருமகனுடைய சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று கட்டங்கள் இருந்தன. தேறியது. தவறியது. மூன்றாவது, கவனிக்கவும். அந்த மூன்றாவதில் ‘மழைத் துடைப்பான் ரப்பர்’ என்று எழுதியிருந்தது. அந்த ரப்பருக்காக என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எழுபத்து மூன்று வருஷமாக எந்த அரசாங்கத் தாளையும் நான் முழுதாகப் படித்ததில்லை. அதில் எழுதியிருப்பதற்கும் அவன் கேட்பதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்துவிட்டேன்.

(மறுநாள் அந்தச் சீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எழுபத்தொன்றில் எத்தனைக்கு ‘கவனிக்கவும்’ இருக்கிறது என்று கேட்டேன். “பாதிக்கு மேலங்க. அதுவும் தேறினதுலதான் சேரும்” என்றாள். எண் பொய் சொல்லவில்லை. நான்தான் பாதியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.)

4

(கிழித்தாயிற்று. மீசை, மோதிரம், கைதட்டல் எல்லாம் குப்பைக்கூடையில். சோதனைக்காரர் இப்போது ஒல்லி. முழங்கையில் கிரீஸ். லஞ்சம் வாங்காத அதிகாரியை நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

5

“பின் பிரேக் குழாய். இதோட நாலு வருஷமாச்சு, ஐயா. கவனிக்கவே இல்லையா?”

“கவனிக்கலை, கவனிக்கவும் மாட்டேன்” என்றார் டெய்லர். “போன வருஷமும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். நான் யாரையும் கவனிக்கிற ஆள் இல்லை!”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ஐயா. உயிரு உங்களோடது.”

“மிரட்டுறியா?”

முதல் வரியைத் தவிர, இதுவரைக்கும் என் காதால் கேட்டது. இதற்கு மேல் என் வீட்டுக்காரி காட்டிய வழி.

சோதனைக்காரர் பேனாவைக் காதில் செருகினார். டெய்லர் முகத்தையே பார்த்தார். நாலு வருஷமாக ஒரு கிழவர் வருகிறார், பிரேக்கைப் பாருங்கள் என்றால் முஷ்டியை மடக்குகிறார், காரை மட்டும் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார். கிறுக்கு என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

“ஐயா, நான் என்ன கேட்டேன்னு நினைச்சீங்க?”

டெய்லர் வாயைத் திறந்தார். சொல்ல வந்ததைச் சொன்னால் அசிங்கம் என்று அப்போதுதான் பட்டது. மூடிக்கொண்டார்.

“கீழ இறங்குங்க.”

தரையில் வெட்டியிருந்த குழிக்குள் ஆறு படி. டெய்லர் இறங்கினார். தலைக்கு மேலே பெட்டியின் அடிவயிறு. இந்தப் பதினொரு வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. ஒரு சட்டையைக் கையில் கொடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற மனுஷன். பெட்டியை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

சோதனைக்காரர் டார்ச்சை அடித்தார். “கட்டை விரலை இங்க வைங்க. லேசா தேய்ங்க.”

டெய்லர் தேய்த்தார். துரு, கருகின அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் சட்டையில் கொட்டியது.

“இதைத்தான் கவனிக்கச் சொன்னேன்.”

டெய்லர் விரலைப் பார்த்தார். பிறகு கோபத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். “அப்ப எதுக்கு பாஸ் போட்டே? ஃபெயில் போட்டிருந்தா எனக்கு உறைச்சிருக்குமே!”

“இன்னிக்குப் பிடிக்குது. இன்னிக்கு என்னங்கிறதுதான் என் வேலை. ஓட்டை விழுந்தாத்தான் நான் ஃபெயில் போட முடியும். ஓட்டை என் முன்னாடி வந்து விழாது ஐயா, சரிவுலதான் விழும்.”

“எவ்வளவு நாள் தாங்கும்?”

“ஆறு மாசம் தாங்கலாம். நாளைக்கே போகலாம். குழாயை மாத்திட்டா ஒரு பயமும் இல்லை. ஆனா இந்த மாடலுக்குச் சொல்லி வரவழைக்கணும், மூணு வாரம் ஆகும்.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

6

வீட்டு வாசலில் மகள் நின்றாள். இடுப்பில் குழந்தை.

“பாஸாப்பா?”

“பாஸ்.”

பொய் இல்லை. உள்ளேயிருந்து மருமகன், “அடேங்கப்பா! பன்னெண்டு! மாமா, பெட்டிக்கு மாலை போட்டுடலாம்” என்றான். மகள் சிரித்தாள். டெய்லர் சிரிக்க முயன்றார். சாவியைத் தையல் மெஷின் பலகையில் வைத்துவிட்டு, விரலைக் கழுவப் போனார். துரு நகக்கண்ணில் ஏறியிருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தார்.

[இங்கே அவர் மனதில் என்ன ஓடியது என்று அரைப் பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். நகத்தைத் தேய்த்தார், போதும்.]

கழுவிவிட்டு வரும்போது மகள் கையில் பிளாஸ்டிக் உறை இருந்தது. பன்னிரண்டு வருஷத்துத் தாள்களும் அதில் இருந்தன. வண்டியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவரே வரிசையாக அடுக்கி வைத்தது. நர்ஸ் வேலை பார்க்கிறவள் எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். படிக்காமல் விட்டால் யாராவது செத்துப்போவார்கள் என்று பழகினவள்.

“அப்பா, இதுல நாலு வருஷமா பின் பிரேக் குழாய்னு போட்டு, கவனிக்கவும்னு எழுதியிருக்கே.” அடுத்த தாளைத் திருப்பினாள். “கவனிச்சீங்களா?”

7

முதல் முடிவு. “கவனிச்சாச்சும்மா” என்கிறார் டெய்லர். மகள் நம்புகிறாள், இதுவரை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இருந்ததில்லை. திங்கட்கிழமை விடியலில் குழந்தையைப் பின் இருக்கையில் கட்டி உட்காரவைத்து, சரிவில் இறங்குகிறாள். மூன்றாவது வளைவில் எதிரே ஒரு லாரி. அவள் பிரேக்கை —

என் கை நின்றுவிட்டது. நூற்றுக்கு எத்தனை தடவை அந்தக் குழாய் தாங்கும்? எந்தச் சுவரிலும் அப்படி ஒரு பட்டியல் ஒட்டவில்லை.

இரண்டாவது. “இல்லைம்மா” என்கிறார். அதோடு விடுவாளா? ஏன் என்பாள். எவனோ காசு கேட்கிறான் என்று நினைத்து, அவனுக்குப் பாடம் புகட்டுகிற வீம்பில், இதே குழாயோடு நாலு வருஷம் உன்னையும் ஏற்றிக்கொண்டு திரிந்தேன், வயிற்றுப் பிள்ளையோடு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதே பெட்டியில்தான் என்று சொல்ல வேண்டும். மருமகன் முன்னால் சொல்ல வேண்டும். மூன்று வாரம் அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்குமா என்பது வேறு.

என் வீட்டுக்காரி மூன்றாவது ஒன்று சொன்னாள். “ரெண்டும் சொல்ல மாட்டாரு. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம், முதல்ல சாப்பாட்டை எடுத்து வை’ம்பாரு. நாப்பத்தஞ்சு வருஷமா அந்தப் பதிலைத்தான் நானும் கேட்டுட்டு இருக்கேன்.”

கோபத்தில் அதையும் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே பொருந்தியது. அதனாலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நான் மட்டும் அந்த வீட்டில் நின்றிருந்தால் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருப்பேன். ஆனால் நான் அங்கே இல்லை. அந்த நீலப் பெட்டிக்காரருக்கு மகள் இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது. மூன்று நாளாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலு வருஷமாக டெய்லர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லிவந்தது, ‘கவனிக்கலை.’ இப்போது சொல்ல வேண்டியதும் அதே சொல்தான். மாற்றிச் சொல்லவோ கூட்டிச் சொல்லவோ ஒன்றுமில்லை. அவர் வாயிலிருந்து அதை வரவைக்க என்னால் முடியவில்லை. அவரைப் பொய் சொல்லவைக்கவும் மனம் வரவில்லை.

நீங்கள் செய்யுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, அவர் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சத்தமாக. மனசுக்குள் சொன்னால் கணக்கில்லை. மனசுக்குள் எல்லாருமே யோக்கியன்தான். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். மகள் அந்தத் தாளை இன்னும் நீட்டிப் பிடித்தபடியே நிற்கிறாள். அவள் இடுப்பிலிருந்து குழந்தை மெஷின் பலகைப் பக்கம் எட்டுகிறது. சாவியைப் பார்த்துவிட்டது.